வாசகர் கேள்வி – பதில்: நிறுவனத்தின் அணி, பயிற்சியாளரின் வெற்றி

ஜெர்மனியின் ஆர்பி லைப்சிக் கால்பந்துக் கழகம் அடுத்தடுத்து வந்த நல்ல பயிற்சியாளர்களின் கீழ் எவ்வளவு விரைவாக மேலேறியது என்பதைப் பாராட்டிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தோம். ரெட் புல் என்னும் பான நிறுவனம் உருவாக்கிய கழகம் அது. அந்தக் குறிப்பைப் படித்து மகிழ்ந்தவர்களும் வருந்தியவர்களும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். பல கடிதங்களில் மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே ஆளிடம் இருந்தன. ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே தருகிறோம்.

கேள்வி: ஐயா, விடுதி நண்பர்களோடு ஜெர்மன் லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நாகல்ஸ்மான் பயிற்சியாளராக இருந்தபோது லைப்சிக் ஆடிய ஆட்டத்தில்தான் எனக்கு அந்த அணி பிடித்துப்போயிற்று. டோர்ட்மண்ட் ரசிகனான என் அறைத்தோழன், "அது கழகமே இல்லை, டின் பானத்துக்கு விளம்பரம்" என்கிறான். அவன் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை. அணியை விடவும் மனம் வரவில்லை. நான் செய்வது தவறா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தவறில்லை. ஆனால் உங்கள் தோழரின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை முழுமையாகத் தெரிந்துகொண்டு அந்த அணியை நேசிப்பதே நேர்மை.

ஜெர்மனியில் தொழில்முறைக் கழகங்களுக்கு 1998 முதல் ஒரு விதி உண்டு. கழகம் தன் கால்பந்துப் பிரிவைக் கம்பெனியாக மாற்றி வெளியார் பணத்தை ஏற்கலாம். ஆனால் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருந்தாகவேண்டும். ஐம்பது கூட்டல் ஒன்று என்று அதை அழைப்பார்கள். அதனால்தான் பயர்ன் மூனிக் போன்ற கழகங்களில் சந்தா கட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. ரெட் புல் 2009இல் மார்க்கிரான்ஸ்டெட் என்னும் சிற்றூர்க் கழகத்தின் ஐந்தாம் நிலை லீக் உரிமத்தை வாங்கி லைப்சிக்கில் புதிய கழகத்தைத் தொடங்கியபோது, இந்த விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை வெளியே நிறுத்திவிட்டது. வாக்குரிமை பெற்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். கழகத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்ற விதிக்கு, ராசன்பால்ஸ்போர்ட் என்று ஒரு பெயரைச் சூட்டி, அதன் சுருக்கமாக ஆர்பி என்ற எழுத்துகளைச் சட்டையில் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்தா கட்டிக் கழகம் வளர்த்த ஒரு டோர்ட்மண்ட் குடும்பத்துக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2014 செப்டம்பரில் யூனியன் பெர்லின் ரசிகர்கள் லைப்சிக்குக்கு எதிரான ஆட்டத்தில் கறுப்பு உடை போர்த்தி, முதல் 15 நிமிடங்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். வாழ்நாள் முழுதும் கத்திப் பாடியே ஆட்டம் பார்த்தவர்களின் மௌனம் அது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே கோபம் 2017 பிப்ரவரியில் டோர்ட்மண்டில் வேறு வடிவம் எடுத்தது. விருந்தினராக வந்த லைப்சிக் ரசிகர்கள் மீது, குடும்பத்தோடு வந்தவர்கள் என்றும் பாராமல், கற்கள் விழுந்தன. அன்று மாடத்தில் பிடித்த வசைப் பதாகைகள் முதலியவற்றுக்குத் தண்டனையாக, ஏறத்தாழ 25,000 பேர் நிற்கும் புகழ்பெற்ற தெற்கு மாடம் ஓர் ஆட்டத்துக்கு மூடப்பட்டது. நிறுவனத்தின் மீதுள்ள கோபத்தை, அணியைப் பார்க்க வந்த ஒரு தாயின் மீதும் குழந்தையின் மீதும் காட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. உங்கள் தோழரிடம் இதை உறுதியாகச் சொல்லலாம்.

இனி உங்கள் பக்கம். பணம் இருந்ததால்தான் லைப்சிக் ஏறியது என்பது உண்மை; பணத்தால் மட்டும் ஏறியது என்பது உண்மையன்று. ஹெர்த்தா பெர்லினில் ஒரு முதலீட்டாளர் 2019 முதல் 37 கோடி யூரோவுக்கும் மேல் கொட்டினார். அந்த அணி 2023இல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பெரும் பணக்காரர் ஒருவரின் துணை இருந்தும், ஹாம்புர்க் அணி, பண்டஸ்லீகா என்னும் முதல் நிலை லீக் தொடங்கிய நாள் முதல் இழக்காத இடத்தை 2018இல் இழந்தது. லைப்சிக்கில் நடந்தது வேறு. 2012இல் ரால்ஃப் ராங்னிக் விளையாட்டு இயக்குநராக வந்தபோது அணி நான்காம் நிலையில் இருந்தது. பெயர் பெற்ற மூத்த வீரர்களை வாங்கிக் குவிக்காமல், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களைத் தேடி எடுத்தார். யுசுப் பவுல்சன் 2013இல் மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு வந்து, ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் வரை அந்தச் சட்டையிலேயே ஆடினார். இன்று உலகம் அறிந்த யோசுவா கிம்மிக், பதினெட்டு வயதில் அங்கே வந்து வளர்ந்தவர். பந்தை இழந்தால் எட்டு நொடிக்குள் மீட்க முயலவேண்டும், மீட்டால் பத்து நொடிக்குள் கோலை நோக்கி அடித்துவிட முயலவேண்டும் என்ற ராங்னிக்கின் கோட்பாட்டைப் பயிற்சிக் களத்தில் தினந்தோறும் பழகிப் பழகித்தான் அந்த இளைஞர்கள் ஓட்டத்தில் ஒன்றுபட்டார்கள். 2016இல் முதல் நிலைக்கு ஏறிய அணி, ரால்ஃப் ஹாசன்ஹுட்டிலின் பயிற்சியில் முதல் பருவத்திலேயே இரண்டாம் இடம் பிடித்தது.

நீங்கள் விரும்பும் நாகல்ஸ்மான், முழங்கால் காயத்தால் இருபது வயதையொட்டியே ஆட்டத்தை விட்டவர். 2016 பிப்ரவரியில், 28 வயதில் ஹோஃபன்ஹைம் அணியை ஏற்று, அதைத் தரமிறங்காமல் காத்து, அடுத்த பருவத்தில் நான்காம் இடத்துக்குக் கொண்டுசென்றவர். 2019இல் லைப்சிக் வந்தார். மறு ஆண்டு டாட்டன்ஹாமையும் அட்லெட்டிகோ மாட்ரிடையும் வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை அணியை அழைத்துச் சென்றார். லிஸ்பனில் பாரிஸ் அணியிடம் 0-3 எனத் தோற்றாலும், தொடங்கி 11 ஆண்டுகளே ஆன கழகத்துக்கு அது எளிய செயல் அன்று. அவருடைய அணியின் ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி, ஒரு பயிற்சியாளரின் சிந்தனையும் இளைஞர்களின் உழைப்பும் தந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தோழரின் கோபம், அந்தக் கழகத்தில் ரசிகனுக்கு வாக்கு இல்லை என்பதன் மீது. ஒன்று ஆட்டத்தைப் பற்றியது, மற்றது ஆட்சியைப் பற்றியது. ஆதலால் இரண்டையும் ஒருவரே உணரலாம். பயிற்சியாளரின் வெற்றியைக் காட்டி ஆட்சிமுறையை நியாயப்படுத்தும்போதும், ஆட்சிமுறையைக் காட்டிப் பயிற்சியாளரின் உழைப்பை மறுக்கும்போதும்தான் பிழை நேர்கிறது. நாகல்ஸ்மான் 2021இல் பயர்னுக்குப் போய்விட்டார். உறுப்பினர் பட்டியல் அவர் வருமுன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வந்துபோகும் பயிற்சியாளருக்காகக் கைதட்டும்போது, போகாமல் இருக்கும் அமைப்பை மறந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: மற்ற ஊர்க்காரர்கள் வெறுக்கிறார்கள், சரி. லைப்சிக் நகரத்து மக்கள் இந்தக் கழகத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?
– வாசகி, தென்காசி

பதில்: நல்ல கேள்வி, அம்மா. வெளியூர்க்காரரின் பார்வையில் இந்த விவாதம் பாதிதான் தெரியும். ஜெர்மன் கால்பந்துச் சங்கமே 1900இல் லைப்சிக்கில்தான் பிறந்தது. 1903இல் முதல் தேசிய வாகையர் பட்டத்தை வென்றதும் அந்நகர அணிதான். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் லோகோமோட்டிவ் லைப்சிக் 1987இல் ஓர் ஐரோப்பிய இறுதிப் போட்டி வரை சென்று, அயாக்ஸிடம் 0-1 என்று தோற்றது. நாடு ஒன்றான பிறகு கிழக்கின் ஆலைகளோடு சேர்ந்து கழகங்களும் நொடித்தன. 2006 உலகக் கோப்பைக்காகப் பெரிய விளையாட்டரங்கைப் புதுப்பித்தார்கள்; அதில் ஆட முதல் நிலை அணி ஒன்றுகூட ஊரில் இல்லை. 2009இல் கோட்புஸ் அணி இறங்கிய பின், 2016இல் லைப்சிக் ஏறும் வரை, முன்னாள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து பண்டஸ்லீகாவில் ஓர் அணியும் இல்லை. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் பெயரைப் பெரிய மேடையில் கேட்கவேண்டும் என்ற ஏக்கம் இருந்திருக்காதா? அவர்கள் ஆர்பி அணியின் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போகிறார்கள் என்றால், அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அதே ஊரில் லோகோமோட்டிவ், கெமி என்ற பழைய கழகங்களோடு, அவை கீழ்நிலையில் ஆடினாலும், ஒட்டி நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் பயிற்சியாளராக வந்த மார்கோ ரோசே லைப்சிக்கிலேயே பிறந்து, அங்குள்ள பழைய கழகத்தில் ஆட்டம் கற்றவர். அவர் 2023இல் ஃபிராங்க்ஃபர்ட்டை 2-0 என வென்று ஜெர்மன் கோப்பையைக் கொண்டுவந்தார். சொந்த ஊர்ப் பிள்ளை, வெளியிலிருந்து வந்த நிறுவனத்தின் கழகத்துக்காகக் கோப்பையைத் தூக்கினார். அந்த ஊரின் பழைய ரசிகர்களுக்கு அன்று என்னவெல்லாம் தோன்றியிருக்கும் என்பது நம்மால் உணரக்கூடியதே.

கேள்வி: தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆலைக்கும் அணி இருந்தது. முறை வேலை முடிந்ததும் பந்தோடு மைதானத்துக்குப் போவோம். கம்பெனி அணி என்றாலே குற்றம் என்கிறார்களே! லெவர்குசனும் மருந்துக் கம்பெனி அணிதானே? அதற்கு மட்டும் எல்லோரும் கைதட்டியது ஏன்?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: கம்பெனி அணி என்பது ஒருபோதும் குற்றமன்று, ஐயா. அணி யாரிடமிருந்து தொடங்கியது என்பதைத்தான் பார்க்கவேண்டும். 1903இல் பேயர் நிறுவனத் தொழிலாளி ஒருவர், உடன் வேலை செய்த 170 பேரிடம் கையெழுத்து வாங்கி, எங்களுக்கு ஒரு விளையாட்டுக் கழகம் வேண்டும், துணை நில்லுங்கள் என்று முதலாளிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு லெவர்குசன் கழகம் பிறந்தது. கேட்டவர்கள் தொழிலாளர்கள், கொடுத்தது நிறுவனம். உங்கள் ஆலை மைதானத்தின் கதையும் அதற்கு நெருக்கமானதே. இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து துணை நின்ற நிறுவனங்களுக்கு அளித்த விலக்கினால்தான் பேயரும், வோல்ஃப்ஸ்பர்க் அணியை நடத்தும் ஃபோக்ஸ்வாகனும் ஐம்பது கூட்டல் ஒன்று விதிக்கு வெளியே இருக்கின்றன.

ஆனாலும் லெவர்குசனையும் நெடுங்காலம் ஏளனம் செய்தார்கள் என்பதை மறக்கவேண்டாம். 2002இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவதாக வந்து கைவிரித்து நின்ற அணி அது. 2022 அக்டோபரில் சாபி அலோன்சோ பொறுப்பேற்றபோது, 18 அணிகளில் 17ஆம் இடத்தில் கிடந்தது. முதல் நிலையில் பயிற்சியாளராக அவருக்கு அதுவே முதல் வேலை. 2023-24 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமன், தோல்வி இல்லை, 90 புள்ளிகள். பயர்னின் 11 ஆண்டுத் தொடர் ஆதிக்கம் முடிந்தது. கழகத்தின் வரலாற்றில் அதுவே முதல் லீக் பட்டம். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 51 ஆட்டங்கள் தோற்காமல் வந்து, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டாவிடம் 0-3 என்று வீழ்ந்தார்கள்; சில நாள் கழித்து ஜெர்மன் கோப்பையை வென்றார்கள்.

கைதட்டியவர்களில் பலர், பயர்ன் அல்லாத ஒருவர் வென்றதற்காகவே தட்டினார்கள் என்பதும் உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 120 ஆண்டுகள் காத்திருந்த ஓர் ஊருக்கும் 7 ஆண்டுகளில் மேலே வந்த கழகத்துக்கும் மக்கள் மனத்தில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: லெவர்குசனிலும் இறுதி முடிவு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பழமை நம்பிக்கையைத் தரும், வாக்குரிமையைத் தராது.

கேள்வி: அண்ணாச்சி, யுர்கன் கிளாப் ரெட் புல்லில் சேர்ந்ததற்கு ஜெர்மன் ரசிகர்கள் அத்தனை வருத்தப்பட்டது ஏன்? அவர் பிழைப்பை அவர் பார்த்தார் என்று விட்டுவிடலாமே?
– கடைக்காரர், திருநெல்வேலி டவுண்

பதில்: எல்லோரும் பிழைக்கத்தான் வேண்டும், அண்ணாச்சி. ஆனால் மைன்ட்ஸிலும் டோர்ட்மண்டிலும் கிளாப்பைச் சம்பளக்காரராக யாரும் பார்க்கவில்லை. மைன்ட்ஸில் பத்தாண்டுக்கு மேல் ஆடி, 2001 முதல் 2008 வரை பயிற்சியாளராகவும் இருந்து, அந்தச் சிறிய கழகத்தை முதல் நிலைக்கு உயர்த்தியவர். டோர்ட்மண்டுக்கு இரண்டு லீக் பட்டங்களைத் தந்தவர். ரசிகர்களால் உயரும் கழகம் என்றால் என்ன என்பதற்கு ஜெர்மனியில் அவரையே உதாரணமாகச் சொல்வார்கள். அவர் 2025 சனவரி முதல் ரெட் புல்லின் உலகக் கால்பந்துப் பொறுப்பை ஏற்கிறார் என்ற செய்தி 2024 அக்டோபரில் வந்தபோது, தங்கள் பக்கம் நின்ற ஒருவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார் என்றே மைன்ட்ஸ் ரசிகர்களும் டோர்ட்மண்ட் ரசிகர்களும் எண்ணினார்கள். மாடங்களில் பதாகை பிடித்தார்கள். அவர் செய்தது குற்றமன்று. அவர்கள் வருந்தியதும் குற்றமன்று.

கேள்வி: எங்கள் பகுதிச் சிறுவர் கால்பந்து அணிக்கு நான் பயிற்சி அளிக்கிறேன். ஒரு நிறுவனம் பந்து, காலணி, பயணச் செலவு எல்லாம் தருவதாகச் சொல்கிறது. ஆனால் அணியின் பெயரையும் சட்டையின் நிறத்தையும் மாற்றவேண்டும் என்கிறது. பெற்றோர்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள். எனக்கே முடிவெடுக்க முடியவில்லை.
– உடற்கல்வி ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: மேலே உள்ள கேள்விகளெல்லாம் தொலைவில் நடப்பதைப் பற்றியவை, உங்கள் கேள்வி உடனே முடிவு வேண்டுவது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிறத்தை எளிதாக எண்ணிவிடாதீர்கள். 2005இல் ரெட் புல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கழகத்தை வாங்கியபோது, அதன் பழைய ஊதா நிறத்தை நீக்கியது. ரசிகர்கள் கெஞ்சினார்கள், கேட்கவில்லை. அவர்கள் விலகி, பழைய பெயரிலேயே புதிய கழகம் தொடங்கி, ஏழாம் நிலையிலிருந்து ஆடி 2015இல் இரண்டாம் நிலை வரை வந்தார்கள். வாங்கிய கழகம் பட்டத்துக்கு மேல் பட்டம் வென்றுகொண்டிருந்த காலத்திலும், ஊதாச் சட்டைக்காரர்கள் சின்ன மைதானங்களில் தங்கள் அணிக்குத்தான் பாடினார்கள்.

நம் நாட்டிலேயே 2020இல், 1889இல் கொல்கத்தாவில் தோன்றிய மோகன் பகான், ஏடிகே என்ற நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு ஏடிகே மோகன் பகான் ஆயிற்று. 1911இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்ற கழகத்தின் பெயருக்கு முன்னால் வேறு மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டதை ரசிகர்கள் பொறுக்கவில்லை. அணி நன்றாக ஆடிய நாட்களிலும், அந்த எழுத்துகளை நீக்குங்கள் என்ற முழக்கம் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் என்னும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற இரவில்தான் உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். பயிற்சியாளர் ஹுவான் ஃபெராண்டோவின் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டே பெயருக்காகவும் போராடலாம் என்பதற்கு அந்தக் கொல்கத்தா ரசிகர்களே சாட்சி.

அடுத்து, நிறுவனம் விலகினால் என்ன ஆகும் என்பது. 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜேசிடி அணியை, அதை நடத்திய ஆலை 2011இல் மூடிவிட்டது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே கலைந்தது. நமக்கு அருகிலேயே கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில், தமிழக இளைஞர்கள் பலரைக் கொண்டு, 2018-19 ஐ-லீக் என்ற தேசிய லீக்கை ஒரே புள்ளி வேறுபாட்டில் ஈஸ்ட் பெங்காலை முந்தி வென்றது. மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் அந்த லீக்கில் அப்பெயரே இல்லை. அந்தப் பட்டத்துக்காக மைதானத்தில் ஆர்ப்பரித்த கோவை மக்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவும் இல்லை.

நம் நெல்லைச் சீமையில் டிஎன்பிஎல் கிரிக்கெட்டிலும் இதைப் பார்த்தோம். 2016இல் திருவள்ளூர் என்ற பெயரோடு வந்த அணி பிறகு காஞ்சி ஆயிற்று. 2019க்குப் பின் அதன் இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது. 2023 இறுதிப் போட்டியில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய அணி நம் ஊரிலேயே, சங்கர் நகர் மைதானத்தில் ஆடியபோது நாம் பட்ட ஆவல் பொய்யன்று. கோவை அணியிடம் தோற்றபோது பட்ட வருத்தமும் பொய்யன்று. ஆனால் அந்தப் பெயர் நாளை வேறு ஊருக்குப் போனால் தடுக்க நமக்கு வழியில்லை.

இதையெல்லாம் சொல்லி, உதவியை மறுத்துவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். கிழிந்த காலணியோடு ஆடும் பிள்ளைக்குக் கொள்கையைக் காட்டி நல்ல காலணியைத் தடுப்பது கொடுமை. உங்கள் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடப்பதே தொழில் செய்வோர் ஆட்டத்துக்குத் துணை நின்றதால்தான். அந்தத் துணையால் கோவில்பட்டி தன் பெயரை இழக்கவில்லை. ஹாக்கி என்றால் கோவில்பட்டி என்று நாடே சொல்கிறது. அந்த முறையைத்தான் நீங்கள் நிறுவனத்திடம் கேட்கவேண்டும்.

சட்டையின் மார்பில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவே இருக்கட்டும். மைதான ஓரத்தில் பலகையும் வைக்கட்டும். அணியின் பெயர், நிறம், ஆடும் இடம் ஆகிய மூன்றும் அணியினுடையவை, பெற்றோர்களும் பழைய வீரர்களும் கூடிய கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விலக விரும்பினால் ஒரு பருவத்துக்கு முன்பே தெரிவிக்கவேண்டும் என்பதையும், அதுவரை வாங்கிய பொருட்கள் அணியிடமே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரை அமர்த்துவதும் நீக்குவதும் யார் கையில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். உங்களுக்காக இதைக் கேட்கிறீர்கள் என்று யாராவது நினைப்பார்களே என்று தயங்கவேண்டாம், உங்களுக்குப் பின் வருபவருக்கும் அது தேவை. இந்த நிபந்தனைகளை ஏற்கும் நிறுவனம் என்றால் மனமார வரவேற்றுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால், பயணச் செலவுக்கு மட்டும் ஊரில் வேறு நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். இவ்வாண்டு இரண்டு போட்டிகள் குறைந்தாலும் பாதகமில்லை. ஒப்பந்தத்தைத் தமிழிலேயே எழுதி, கையெழுத்திடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.